அஸ்தமனத்துக்குப் பின்

பஞ்சாங்கத்தைப் புரட்டினால் ஒவ்வொரு நாளைக்கும் சூரிய உதயம் இத்தனை மணிக்கு, அஸ்தமனம் இத்தனை மணிக்கு என்று போட்டிருக்கும். ராகு காலம் தவறாமல் பார்க்கிறவர்கள் கூட அந்தக் கட்டத்தை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆனால் நமது தேசத்துச் சட்டத்தில் அஸ்தமன நேரத்துக்குத் தனியான ஓர் இடம் உண்டு. சூரியன் மறைந்தது முதல் மறுநாள் உதிக்கும் வரையில் போலீஸார் ஒரு ஸ்திரீயைக் கைது செய்யக் கூடாது என்பது பொது விதி. அசாதாரணமான சந்தர்ப்பமாயிருந்தால், ஒரு பெண் போலீஸ் அதிகாரி எழுத்து மூலமாக அறிக்கை கொடுத்து, முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டிடம் முன்கூட்டி அனுமதி பெற்ற பிறகே கைது செய்யலாம்.

2005-ஆம் வருஷத்தில் பார்லிமெண்டு செய்த திருத்தத்தினால் இந்த விதி குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஏறி, 2006 ஜூன் மாதத்தில் அமுலுக்கு வந்தது. 2024 ஜூலை 1-ந் தேதி பழைய சட்டம் போய்ப் புதிய சட்டம் வந்தபோதும், அதன் 43-வது பிரிவில் இந்த விதிக்கு இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

"குற்றம் செய்தவளுக்கு இவ்வளவு உபசாரமா?" என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சட்டப் புத்தகத்தில் இல்லை. சென்ற ஐம்பது வருஷங்களில் நமது தேசத்துப் போலீஸ் கொட்டடிகளில் நம்முடைய ஸ்திரீகள் பட்ட பாட்டில் இருக்கிறது.

அசோக வனமும் அக்கினிப் பிரவேசமும்

ஓர் ஆண்பிள்ளையைப் போலீஸார் பிடித்துக் கொண்டு போய் ஒரு ராத்திரி வைத்திருந்து விட்டு விடுகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். அவன் அடிபட்டிருக்கலாம், அவமானப்பட்டிருக்கலாம். ஆனால் வீடு திரும்பினதும் ஊரார் அவனைப் பார்த்து, "என்ன நடந்தது? அடித்தார்களா?" என்றுதான் கேட்பார்கள். அதே ராத்திரியை ஒரு பெண் போலீஸ் ஸ்டேஷனில் கழித்து விட்டு வந்தால், அவளை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. தங்களுக்குள் பேசிக் கொள்கிறார்கள். கோர்ட்டு அவளை நிரபராதி என்று விடுதலை செய்தாலும், தெருவின் தீர்ப்பு அதற்கு முன்பே எழுதப்பட்டு விடுகிறது.

இது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. சீதாப் பிராட்டியார் அசோக வனத்தில் சிறையிருந்தார். குற்றம் அவரைச் சிறை வைத்தவனுடையது. ஆயினும் விடுதலையான பிறகு அக்கினியில் இறங்கித் தம்முடைய தூய்மையை நிரூபிக்க வேண்டியிருந்தது அவருக்குத்தான். சிறை வைத்தவனுடைய குற்றத்துக்குச் சிறையிருந்தவளிடம் கணக்குக் கேட்கும் இந்த மனப்பான்மையை நாம் இன்னும் விட்டபாடில்லை. போலீஸ் காவலில் பெண்ணுக்கு நேரும் கொடுமையில் பாதி இதனால்தான் வெளியில் வருவதில்லை. சொன்னால் தனக்கே இழுக்கு என்று அவள் வாயை மூடிக் கொள்கிறாள். அவள் வாயை மூடிக் கொள்வாள் என்பது கொடுமை செய்கிறவனுக்கும் தெரிந்திருக்கிறது.

இதைத் தவிர, சரீர சம்பந்தமான கஷ்டங்களும் இருக்கின்றன. நமது ஸ்டேஷன்களில் கொட்டடிகளைக் கட்டியவர்கள் ஆண் கைதியை மனத்தில் வைத்துக் கொண்டே கட்டினார்கள். மறைவு என்பது அநேக இடங்களில் கிடையாது. மாதவிலக்கான பெண் துணிக்கு யாரிடம் கேட்பாள்? கைக்குழந்தைக்காரி எங்கே திரும்பி உட்கார்ந்து பால் கொடுப்பாள்? கர்ப்பிணிக்கு வயிற்றை வலித்தால் அகாலத்தில் யாரைக் கூப்பிடுவாள்? இவற்றையெல்லாம் "சித்திரவதை" என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அனுபவித்தவர்களுக்கு அதற்கு வேறு பெயர் தெரியாது.

முதல் மந்திரியாயிருந்தவருக்கே

ஏழை எளியவர்களுக்குத்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். ஒரிஸ்ஸா மாகாணத்தின் முதல் பெண் முதல் மந்திரியாக 1972 முதல் 1976 வரையில் இருந்தவர் ஸ்ரீமதி நந்தினி சத்பதி. பதவி போன பிறகு, 1977-ஆம் வருஷத்தில், ஒரு லஞ்ச வழக்கு விசாரணைக்காக அவரைக் கட்டக் நகரத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி, எழுதிய கேள்வித்தாள் ஒன்றையும் கொடுத்தார்கள். அவர் பதில் சொல்ல மறுத்தார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரையில் போயிற்று.

1978 ஏப்ரலில் தீர்ப்புக் கூறிய நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், ஸ்ரீமதி சத்பதியை ஸ்டேஷனுக்கு அழைத்ததே சட்ட விரோதம் என்று எடுத்துக் காட்டினார். சாட்சி விசாரணைக்காக ஒரு ஸ்திரீயை அவள் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறு எங்கும் வரச் சொல்லக் கூடாது என்று 1973-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் தெளிவாகச் சொல்லியிருந்தது. விசாரிக்க வேண்டுமானால் போலீஸார் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். இன்றைய சட்டத்திலும் 179-வது பிரிவு இதையே சொல்லுகிறது.

தலைமைக் காரியாலயத்தில் உட்கார்ந்து போலீஸ் இலாகாவையே ஆண்ட ஒருவருக்கு இந்த விதி மீறப்பட்டதென்றால், கைநாட்டு வைக்கிற ஒரு கூலிக்காரிக்கு என்ன கதி என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம். ஊகிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அது ஏற்கனவே நடந்திருந்தது.

வாசலில் நின்றவர்கள்

மகாராஷ்டிர மாகாணத்தின் கிழக்குக் கோடியில், காட்டுப் பிரதேசத்தில், தேசாய்கஞ்ச் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1972 மார்ச் மாதத்தில் ஒரு நாள் இரவு, பதினாறு வயதுக்கு மேற்படாத ஓர் ஆதிவாசிப் பெண்ணை அங்கிருந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தார்கள். அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை. அவள் ஒருவனைக் கல்யாணம் செய்து கொள்ள விரும்பினாள். அதைப் பற்றி அவளுடைய தமையன் கொடுத்த புகாரின் பேரில் விசாரணை. வாக்குமூலம் எழுதி முடிந்ததும் மற்றவர்களை வெளியே போகச் சொல்லி விட்டு அவளை மட்டும் உள்ளே இருக்கச் சொன்னார்கள். கதவு சாத்தப்பட்டது; விளக்கு அணைந்தது. அவளுடைய உறவினர்கள் தெருவில் நின்று கொண்டிருந்தார்கள்.

இரண்டு கானிஸ்டேபிள்கள் மீது வழக்கு நடந்தது. கீழ்க் கோர்ட்டு விடுதலை செய்தது. ஹைகோர்ட்டின் நாகபுரிக் கிளை தண்டித்தது. 1978-ல் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் விடுதலை செய்தது. பெண்ணின் சரீரத்தில் காயம் இல்லை, அவள் எதிர்த்துப் போராடியதற்கு அடையாளம் இல்லை, ஆகவே அவள் சம்மதித்தாள் என்று வைத்துக் கொள்ள வேண்டியதே என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இந்தத் தீர்ப்பைப் படித்து விட்டுச் சட்டப் பேராசிரியர்கள் நால்வர், உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் என்பவர்கள், 1979 செப்டம்பரில் பிரதம நீதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பணிந்து போவது வேறு, சம்மதிப்பது வேறு என்பதே அவர்களுடைய வாதம். சற்று யோசித்துப் பாருங்கள். திருடன் வந்தால் போலீஸைக் கூப்பிடலாம். போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே, நள்ளிரவில், போலீஸ்காரன் கதவைச் சாத்தினால் அந்தச் சிறுமி யாரைக் கூப்பிடுவாள்?

கடிதத்தைத் தொடர்ந்து தேசமெங்கும் ஸ்திரீகள் கிளர்ச்சி செய்தார்கள். அதன் பலனாக 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் இருக்கும் பெண்ணைப் பலாத்காரம் செய்வது தனிக் குற்றமாயிற்று. குறைந்த பட்சம் பத்து வருஷ தண்டனை விதிக்கப்பட்டது. உடலுறவு நடந்தது நிரூபணமாகி, தான் சம்மதிக்கவில்லை என்று அவள் சாட்சி சொன்னால், சம்மதம் இல்லை என்றே கோர்ட்டு அனுமானிக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டத்திலும் ஏறியது. பாதிக்கப்பட்டவளுடைய பெயரை வெளியிடுவதும் குற்றமென்று ஆயிற்று. கூலிக்கு உழைத்து வந்த அந்தப் பெண்ணுக்கு இதனால் யாதொரு லாபமும் இல்லை. அவள் வழக்கு முடிந்தது முடிந்ததுதான். ஆனால் அவளுக்குப் பின் வந்த ஒவ்வொரு பெண்ணும் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறாள்.

பதினைந்து பேரில் ஐந்து பேர்

இதே காலத்தில் பம்பாயில் ஷீலா பார்ஸே என்ற பத்திரிகைக்காரர், மத்திய சிறையில் இருந்த பதினைந்து பெண் கைதிகளைச் சந்தித்துப் பேசினார். அவர்களில் ஐந்து பேர், தாங்கள் போலீஸ் கொட்டடியில் இருந்தபோது அடிக்கப்பட்டதாகத் தெரிவித்தார்கள். ஷீலா பார்ஸே இதை ஒரு கடிதமாக எழுதி சுப்ரீம் கோர்ட்டுக்கு அனுப்பினார். கோர்ட்டு அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்றுக் கொண்டது.

1983 பிப்ரவரி 15-ந் தேதி வெளியான உத்தரவில் இருக்கும் கட்டளைகள் ஒவ்வொன்றும் அந்தப் பெண்கள் பட்ட கஷ்டத்துக்குப் பதில் போல இருக்கின்றன. நல்ல சுற்றுப்புறத்தில் நாலைந்து கொட்டடிகளைப் பெண்களுக்கென்றே ஒதுக்கி, பெண் கானிஸ்டேபிள்களைக் காவல் வைக்க வேண்டும். ஆண் கைதிகள் இருக்கும் கொட்டடியில் பெண்ணை வைக்கக் கூடாது. பெண்ணை விசாரிக்கும்போது பெண் போலீஸார் கூட இருக்க வேண்டும். கைதானவர் பெயர் சொல்லும் உறவினருக்கோ சிநேகிதருக்கோ தகவல் கொடுக்க வேண்டும். இலவசச் சட்ட உதவிக் கமிட்டிக்கும் தெரிவிக்க வேண்டும். நீதிபதி ஒருவர் முன்னறிவிப்பின்றி வந்து கொட்டடிகளைப் பார்வையிட வேண்டும். கைதியை ஆஜர் செய்யும்போது, "போலீஸார் உன்னைத் துன்புறுத்தினார்களா?" என்று மாஜிஸ்திரேட் தாமாகவே கேட்க வேண்டும்.

பின்னால் 1996 டிசம்பரில் டி. கே. பாஸு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஆண் பெண் இரு பாலாருக்கும் பொதுவாக வகுத்த விதிகளுக்கு இந்த உத்தரவு வழிகாட்டி என்று சொல்லலாம். கைது செய்கிறவர் தம் பெயரும் பதவியும் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தார் ஒருவரோ அக்கம் பக்கத்துப் பெரிய மனிதர் ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பவை அந்த விதிகளில் முக்கியமானவை.

காகிதத்தில் ஏறாத கைது

இவ்வளவு விதிகளும் ஏற்பட்ட பிறகு ஸ்திரீகளுக்கு அபாயம் நீங்கி விட்டதா? நமது தர்மபுரி ஜில்லாவில் அரூருக்குப் பக்கத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி கிராமத்தாரைத்தான் கேட்க வேண்டும்.

1992 ஜூன் 20-ந் தேதி, கடத்தல் சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லிக் கொண்டு வனத்துறை, போலீஸ், ரெவினியூ ஆகிய மூன்று இலாகாக்களைச் சேர்ந்தவர்கள் அந்த மலைவாசிகளின் கிராமத்தில் புகுந்தார்கள். ஆண்களில் பலர் ஓடி ஒளிந்து விட்டபடியால் அகப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் கிழவர்களுமே. பதினெட்டுப் பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். பிடிபட்டவர்களை அரூர் வனத்துறைக் காரியாலயத்தில் அடைத்து வைத்துப் பின்னர் சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். அதாவது, குற்றத்துக்கு ஆளானவர்களே குற்றவாளிகளாகச் சிறைக்குப் போனார்கள்.

அந்தப் பெண்கள் வாயை மூடிக் கொள்ளவில்லை என்பதுதான் இந்த வரலாற்றின் பெருமை. மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் இடதுசாரிக் கட்சியினரும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். ஹைகோர்ட்டு உத்தரவின் பேரில் 1995-ல் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. 269 உத்தியோகஸ்தர்கள் மீது குற்றம் சாட்டப்பட்டது. 2011 செப்டம்பர் 29-ந் தேதி தர்மபுரிக் கோர்ட்டில் தீர்ப்பு வருவதற்குள் அவர்களில் 54 பேர் இறந்து போயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். அப்பீலில் சென்னை ஹைகோர்ட்டு 2023 செப்டம்பர் 29-ந் தேதி அந்தத் தண்டனையை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண் ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் ரூபாய் கொடுக்கும்படி உத்தரவிட்டது. முப்பத்தோரு வருஷம்! இடுப்பில் குழந்தையோடு பிடிபட்டவள் பேரன் பேத்தி எடுத்து விட்டாள்.

வாச்சாத்தியில் நடந்தது பெரிய அளவில். அதே காரியம் சிறிய அளவில் நடப்பது எப்படியென்று நாட்டுப்புறத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். தேடப்படுகிற ஆண் அகப்படவில்லை. "அவன் வருகிற வரையில் நீ வா" என்று அவனுடைய மனைவியையோ தாயாரையோ தங்கையையோ அழைத்துப் போகிறார்கள். இது கைது அல்ல. "விசாரணை" என்று சொல்லப்படும். கைது என்று காகிதத்தில் ஏறாதபடியால், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் ஆஜர் செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு விதித்திருக்கும் கெடு ஆரம்பமாவதே இல்லை. கைதுக் குறிப்பு இல்லை, பெண் போலீஸ் தேவையில்லை, அஸ்தமனமும் தடையில்லை. கணவன் செய்ததற்கு மனைவியைப் பணயமாகப் பிடித்து வைக்க நமது சட்டத்தில் ஓர் எழுத்துக் கூட இடம் கொடுக்கவில்லை. நடப்பது என்னவோ நடந்து கொண்டுதான் இருக்கிறது.

பெண் போலீஸ் இருந்தால் போதுமா?

"அதனால்தான் பெண் போலீஸ் வேண்டும்" என்பார்கள். வேண்டியதுதான். 1973-ல் கோழிக்கோட்டில் தேசத்தின் முதல் மகளிர் போலீஸ் ஸ்டேஷன் ஏற்பட்டது. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ் நாட்டின் முதல் மகளிர் ஸ்டேஷன் திறக்கப்பட்டது. ஒரு பெண்ணைக் கைது செய்யும் அதிகாரி பெண்ணாக இல்லாவிட்டால் அவளைத் தொடக் கூடாது. அவளைச் சோதனை போடுவது மற்றொரு பெண்ணாகவே இருக்க வேண்டும். அதுவும் கண்ணியத்துக்குப் பங்கமில்லாமல் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்லும்போது, அதற்கு வேண்டிய பெண்கள் இலாகாவில் இல்லாமல் தீராது.

ஆனால் அசோக வனத்திலும் காவலிருந்தவர்கள் அரக்கிமார்கள்தானே? அவர்களில் திரிசடை ஒருத்திதான் ஆறுதல் சொன்னாள். உத்தியோகத்தின் வழக்கம் கெட்டிருந்தால் ஆள் மாறி மட்டும் பயனில்லை. ஒரு கொலை வழக்கில் 2008-ல் கைதான கன்னிகாஸ்திரீ ஒருவரை, அவர் கன்னிமை கெடாதவர்தானா என்று வைத்தியர்களைக் கொண்டு பரிசோதித்தார்கள். அப்படிப்பட்ட சோதனை அரசியல் சட்டத்துக்கு முரணானது, கைதியானாலும் பெண்ணின் கண்ணியம் அவளுடையதே என்று டில்லி ஹைகோர்ட்டு 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஓர் ஆண் கைதிக்கு இத்தகைய பரிசோதனை நடக்குமா என்று கேட்டுப் பார்த்தால், விஷயத்தின் முழு விபரீதமும் விளங்கும்.

அஸ்தமன விதியைப் பற்றியே நமது ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை 2025 பிப்ரவரியில் ஒரு முக்கியமான அபிப்பிராயம் சொல்லியிருக்கிறது. இந்த விதி வழிகாட்டும் விதியே தவிர, மீறியவுடன் கைதையே செல்லாததாக்கும் கண்டிப்பான விதியல்ல என்றும், ஆனால் மீறிய அதிகாரி அதற்குத் தகுந்த காரணம் காட்டியாக வேண்டும் என்றும் நீதிபதிகள் கூறினார்கள். போலீஸாருக்கும் அவசரங்கள் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் காரணத்தைக் கேட்பதற்கு ஒருவர் இருந்தால்தான் காரணம் காட்டுவார்கள். அந்த ஒருவர் யார் என்பதே கேள்வி.

வீட்டாரின் கடமை

அந்த ஒருவர் மாஜிஸ்திரேட் அல்ல. அவர் மறுநாள்தான் வருவார். வக்கீலும் அல்ல, அவரை யாராவது கூப்பிட வேண்டும். அன்று மாலையில் முதலில் அங்கே இருக்கக் கூடியவர்கள் வீட்டாரும் அக்கம் பக்கத்தாருமே. ஆகையால் அவர்கள் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டிய சில விஷயங்களைச் சொல்லி விடுகிறோம்.

வந்தவர் பெயர், பதவி, வந்த நேரம் இவற்றை உடனே எழுதிக் கொள்ளுங்கள். "கைதா, விசாரணையா?" என்று மரியாதையாகவே கேளுங்கள். சாட்சி விசாரணை என்றால் வீட்டிலேயே நடக்கலாம். கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும். கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் நீங்களே சாட்சிக் கையெழுத்துப் போடலாம். நேரத்தைச் சரியாகக் குறித்திருக்கிறார்களா என்று பார்த்துப் போடுங்கள். அவளுடன் ஸ்டேஷனுக்குப் போங்கள். போகச் சொன்னாலும் அந்த இடத்தை விட்டு அகலாதீர்கள். 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயிருந்தாலும் எந்த ஸ்திரீக்கும் சர்க்கார் செலவில் வக்கீல் உதவி உண்டு; 15100 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் சட்ட உதவி ஆணையத்தாருக்குத் தகவல் போகும். வைத்தியப் பரிசோதனையைப் பெண் டாக்டரே செய்ய வேண்டும், அல்லது அவருடைய மேற்பார்வையில் நடக்க வேண்டும். ஸ்டேஷன்களின் வாசல், வராந்தா, கொட்டடி எல்லாவற்றிலும் படம் பிடிக்கும் காமிராக்கள் வைக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டிருக்கிறது. தகராறு நேர்ந்தால் அந்தப் பதிவைப் பாதுகாக்கும்படி உடனே எழுதிக் கேளுங்கள்.

தேசாய்கஞ்ச் ஸ்டேஷன் வாசலில் அன்றிரவு நின்றவர்களுக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தாலும், அன்று இந்த விதிகளில் பெரும்பாலானவை பிறக்கவில்லை. இன்று பிறந்திருக்கின்றன, தெரிந்து கொள்ளாமலிருந்தால் நம்முடைய குற்றம்.

கடைசியாக ஒரு விஷயம். இதைப் பற்றி எந்தச் சட்டத்திலும் பிரிவு கிடையாது. காவலிலிருந்து திரும்பி வருகிற பெண்ணை வீட்டார் எப்படி வரவேற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அவள் வாய் திறப்பதும் திறவாததும் இருக்கிறது. "என்ன ஆயிற்று?" என்று சந்தேகக் கண்ணோடு பார்க்காமல், ஒரு வாய்க் காப்பி கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். அவள் சொல்லுகிற போது கேட்டுக் கொள்ளுங்கள். வாச்சாத்திப் பெண்களை அவர்களுடைய ஊர் கைவிடவில்லை. அதனால்தான் முப்பத்தோரு வருஷம் கழித்தாவது நியாயம் பிறந்தது.